எனக்கு நடந்த இரண்டாவது பிரிவு உபசார விழா

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருஷம், ஒரு நாள்கூட லீவு போடாமல், ஞாயிறு பார்க்காமல், தீபாவளி பார்க்காமல், ஒரே நேரத்தில் நாலு ஊரில் நின்று நான் அம்பத்தூர் கம்பெனிக்கு வேலை செய்தேன். அதுவும் திருமுல்லைவாயலில் என் வீட்டு சோபாவில் கால் நீட்டி சீரியல் பார்த்துக்கொண்டே. சம்பளம் மட்டும்தான் வரவில்லை.

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர் பாஸ்கரன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர். கண்ணால் பார்க்காத பொருளுக்கு முத்திரை குத்த மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே பஜ்ஜியைப் பிய்த்து, உள்ளே வாழைக்காய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். "சூடா இருந்துச்சு, அதான் பிச்சேன்" என்பார் இன்றைக்கும். நம்பாதீர்கள்.

எங்கள் கம்பெனி குளிர் அறை, ஃப்ரீசர் எல்லாம் பழுது பார்க்கிற கம்பெனி. கறிக்கடை, பால் ஏஜென்சி, ஐஸ்கிரீம் கடை என்று, குளிர் நின்றால் பிழைப்பே நின்றுவிடுகிற ஆட்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர்கள் போன் பண்ணுகிற புகார்ப் பிரிவில் நான் நூறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ("இருபத்தாறு" என்கிறார் பக்கத்திலிருந்து.) மற்றவர்கள் எடுக்கிற புகாரில் ஏதாவது நிஜமாகவே மோசம் என்றால் என் மேஜைக்கு வரும். கடைக்காரரிடம் நான் இரண்டே கேள்வி கேட்பேன். "உள்ளே என்ன இருக்கு? எதுவரைக்கும் தாங்கும்?" பதில் ஒழுங்காக வந்தால் டெக்னீஷியனுக்கு போன். அவர் எடுக்கவில்லை என்றால் அவர் சம்சாரத்துக்கு போன். இதைத் தொடங்கிய பிறகு எந்த டெக்னீஷியனும் என் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சாஃப்ட்வேர் வந்தது. புகார் ஒவ்வொன்றும் திரையில் ஒரு கட்டமாக வரும். அதன்மேல் டேக் ஒட்டலாம். டேக் என்றால் பெரிய விஷயம் இல்லை. ஊறுகாய் பாட்டில்மேல் மாங்காய், எலுமிச்சை என்று சீட்டு ஒட்டுகிறோமே, அதுதான். சீட்டைச் சொல்லித் தேடினால் அந்தப் பாட்டிலெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் யார் வேண்டுமானாலும் புது டேக் உண்டாக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது போதாதா?

'அவசரம்' என்று ஒன்று வந்தது. எல்லாப் புகாருக்கும் அதையே ஒட்டியதில் அதற்கு மரியாதை போய், 'ரொம்ப அவசரம்' பிறந்தது. அதற்குத் தம்பியாக 'நிஜமாவே அவசரம்'. கடைக்குட்டி 'சத்தியமா அவசரம்'. அப்புறம் 'ஓனர் கத்துறார்', 'ஓனர் அம்மா கத்துறாங்க', 'டீ குடுப்பாங்க', 'நாய் இருக்கு'. பூந்தமல்லிக்கு மட்டும் தமிழில், இங்கிலீஷில், நீட்டி, சுருக்கி ஒரு கூடை டேக். பூந்தமல்லி என்று தேடினால் பாதி பூந்தமல்லிதான் வரும்; மீதி எங்கோ வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் டேக். ("ஆயிரத்துச் சொச்சம்னு உன் ஆபீஸ் பொண்ணு நஜ்மா சொல்லுச்சு." சரி, ஆயிரத்துச் சொச்சம்.)

அந்தக் கூட்டத்தில் ஒன்று என் பேரில், 'வனஜா மேடம்'. என் மேஜைக்கு எடுத்து வர வேண்டிய புகாருக்கு அதை ஒட்டிவிடுவார்கள். நான் என் திரையில் பார்த்துக்கொள்வேன். பிறகு நான் சால்வை, மாலை, ஹாட்பாக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டேக் என்னோடு வரவில்லை. அது எனக்குத் தெரியாது.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. முந்தின நாள்தான் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுத்துவிட்டு வந்திருந்த பாஸ்கரன், தான் உயிரோடு இருப்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மிடுக்கில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு போன். நஜ்மா. காட்டுப்பாக்கத்துப் பெண். என் நாற்காலிக்கு வந்தவள். பொங்கலுக்கு அவளும் பெருநாளுக்கு நானும் தவறாமல் போன் பண்ணிக்கொள்வோம்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்களை அழிச்சிட்டேன்."

"என்னையா? நான் இங்க சட்னி தாளிச்சுக்கிட்டு இருக்கேனேம்மா."

"உங்க டேக்கை மேடம்."

விஷயம் இதுதான். தலைமை அலுவலகம் பூனேயில் இருக்கிறது. அங்கே மொத்தமே நாற்பது டேக்தானாம். அம்பத்தூர் டேக்குகளைப் பார்த்துவிட்டு, "இது குப்பை மேடு. சுத்தம் பண்ணி ஒழுங்காக நடத்திக் காட்டினால் சரி. இல்லாவிட்டால் புகார்ப் பிரிவையே பூனேவுக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். பார்த்துவிட்டுப் போக பர்வே என்ற அதிகாரி அன்றைக்குத்தான் வருகிறார். பிரிவு போனால், என் காலத்திலிருந்தே போனில் புகார் எடுக்கிற ஷோபனா முதலான எட்டுப் பேருக்கு வேலை இல்லை. நஜ்மாவுக்கு மட்டும் பூனேயில் இடம்.

"ஆசிம் கடை பூந்தமல்லியில. இனாயா ஸ்கூல் காட்டுப்பாக்கத்துல. நான் மட்டும் பூனேல போய் யார்கூட மேடம் சண்டை போடுறது?" என்றாள். ஆசிம் அவள் வீட்டுக்காரர், இனாயா மகள்.

அதனால் வாரம் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறாள். பூந்தமல்லிகளையெல்லாம் ஒரே பூந்தமல்லியாகச் சேர்த்தாள். அவசரத்தின் குடும்பத்தை மூட்டை கட்டினாள். அப்படியே போகிற போக்கில், ஓய்வு பெற்றுப் போன ஆளின் பெயர் எதற்கு என்று என்னையும் வெள்ளிக்கிழமை காலை அழித்துவிட்டாள்.

"அதுலேர்ந்து பெரிய புகார் எதுக்கும் ஆள் கிளம்பவே இல்ல மேடம். டெக்னீஷியனைக் கேட்டா, எங்களுக்கு ஒண்ணும் வரலையேன்றாங்க. அந்த டேக் எதுக்குன்னு இங்க யாரைக் கேட்டாலும், 'அது மேடம்கிட்ட போறதுக்கு'ன்றாங்க. நீங்க ஒரு நடை வர முடியுமா?"

போனை வைத்ததும் பாஸ்கரனிடம் சொன்னேன். "பாருங்க, மூணு வருஷமா நாலு ஊர்ல வேலை செஞ்சிருக்கேன். நான் நின்ன உடனே கம்பெனியே நின்னுபோச்சு."

தோசை புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். "ஒட்டின சீட்டு வேலை செய்யுமா? பீரங்கி மேல 'சுடும்'னு எழுதி வெச்சா சுட்டுடுமா? கதை விடாத வனஜா."

"வந்து பாருங்க."

"பார்க்கத்தான் போறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்தார். சி.டி.எச். ரோட்டில் ஸ்கூட்டர் விமானம் மாதிரி பறந்தது. ("முப்பதுக்கு மேல போகல.")

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பர்வே ஏற்கெனவே வந்து டீயோடு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், இஸ்திரி போட்ட முகம். நஜ்மா ஓடிவந்து என்னைத் தனியே இழுத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். சாஃப்ட்வேர் போட்ட ஆளு, இங்க வேலை எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு, உங்க டேக்குக்குப் பின்னாடி ஒரு கட்டளையைத் தொங்கவிட்டிருக்கார். அதை ஒட்டினா நாலு சீனியர் டெக்னீஷியனுக்கும் உடனே மெசேஜ் போகும், டேக் பேரோட. நான் டேக்கை அழிச்சதும் கட்டளை செத்துப்போச்சு. ஒரு சத்தம்கூட வரல. அழிக்கிறதுக்கு முன்னாடி இதுல என்ன தொங்குதுன்னு பார்த்திருக்கணும்."

அதாவது நான் இல்லாத மூன்று வருஷமும் 'வனஜா மேடம்' என்ற மெசேஜ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பாஸ்கரனைத் திரும்பிப் பார்த்தேன். "அது மெசேஜ். நீ இல்ல" என்றார்.

அந்த நேரம் பூந்தமல்லியிலிருந்து உஸ்மான் கனி பாய் கூப்பிட்டார். கல்யாணச் சமையல் ஆர்டர் எடுப்பவர். அவர் பேசுவதற்கு போன் தேவையே இல்லை. பூந்தமல்லியில் நின்று பேசினாலே அம்பத்தூரில் கேட்கும். ஷோபனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"காலையில எட்டு மணிக்குச் சொன்னேன்மா! குளிர் ரூம் நின்னுபோச்சு. நாளைக்கு செந்நீர்குப்பம் மண்டபத்துல எண்ணூறு பேருக்கு விருந்து. கறி பூரா உள்ள கிடக்கு. மத்தியானம் தாண்டினா நான் பிரியாணி போட முடியாது, ஊரை விட்டுத்தான் ஓடணும்!"

நஜ்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பர்வே எங்கள் இருவரையும் பார்த்தார். அவருக்கு ஷோபனா இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பழைய டேக்கை மறுபடியும் உண்டாக்கிடட்டுமா சார்?" என்றாள் நஜ்மா.

"ஆள் பேரில் டேக் கூடாது" என்றார் அவர். "ஆள் போய்விடுவார். டேக் என்ன சொல்கிறது என்பது பிறகு யாருக்கும் புரியாது. விஷயத்தின் பேரை வையுங்கள்."

சொன்னது நியாயம்தான். இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாம்.

நஜ்மா 'சரக்கு கெடும்' என்று புது டேக் உண்டாக்கினாள். அறுந்த கட்டளையை அதில் கட்டினாள். உஸ்மான் பாய் புகாரில் ஒட்டினாள். மெசேஜ் போனது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது; நஜ்மா ஸ்பீக்கரில் போட்டாள். பூபாலன். சீனியர் டெக்னீஷியன். அப்போது அவன் காட்டுப்பாக்கத்தில் இருந்தான். உஸ்மான் பாய் இடத்துக்கு வண்டியில் கால் மணி நேரம்கூட ஆகாது.

"யக்கா, இன்னா இது, 'சரக்கு கெடும்'னு ஒண்ணு வந்துகீது? புச்சா?"

"ஆமா பூபாலன். உடனே கிளம்புங்க. நிஜமாவே அவசரம்" என்றாள் நஜ்மா.

"தோ, இதான் வோணாங்கிறது. போன மாசம் 'சத்தியமா அவசரம்'னு போட்டீங்கோ. உயிர கையில புட்ச்சிகினு ஓடனேன். தொறந்து பாத்தா உள்ள ஒரு தண்ணி பாட்டிலு, பாதி எலுமிச்சம்பழம். நம்மாள முடியாது. வனஜாம்மா இன்னா சொல்றாங்கோ? அவங்க சொன்னா போறேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பூபாலன், வனஜா மேடம் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு" என்றாள் நஜ்மா.

"காமெடி பண்ணாதக்கா. போன வாரம் திருவேற்காட்டுக்கு அவங்கதானே அனுப்ச்சாங்கோ! மெசேஜ்லயே பேரு வந்துச்சே. நான் துன்னுகினு இருந்த சோத்த உட்டுட்டு, கை கூட கழுவாம போனேன். நேரா பேசி ரொம்ப நாள் ஆச்சு, கோவமா கீறாங்கோ போலன்னு நெனச்சிகினு கீறேன்."

பாஸ்கரனின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் போட்டார். 

நான் போனைப் பிடுங்கி ஒரு சத்தம் போட்டிருந்தால் பூபாலன் பறந்திருப்பான். கையை நீட்டியும்விட்டேன். பர்வே குறுக்கே கேட்டார். "இவர் சொன்னால் அவர் போவார். திங்கட்கிழமை இவர் இல்லையே, அப்போது?"

நஜ்மாவின் முகம் வாடிப்போனது. பூனே ரயிலில் அவளுக்கு டிக்கெட் போட்டது மாதிரியே இருந்தது. அங்கே உஸ்மான் பாயின் கறி இளகிக்கொண்டிருந்தது.

நான் போனில் கேட்டேன். "பூபாலா, நான் வனஜாதான் பேசறேன். அவசரம்னு வந்தா அசைய மாட்ட. என் பேரு வந்தா மட்டும் எதுக்கு ஓடுன?"

"யம்மா! நீங்களா! மொதல்ல பயம்தான்மா, ஊட்டுக்கு போன் போட்ருவீங்கோ. அப்பால பாத்தா, உங்க பேரு வந்து போன எடத்துல சும்மா திரும்புனதே இல்ல. தொறந்தா உள்ள சரக்கு கண்டிப்பா இருக்கும். உங்க பேர்ல பொய் வராதும்மா."

நான் பெருமையில் தரையிலிருந்து ஒரு அடி எழும்பினேன். நஜ்மா அதைக் கவனிக்கவில்லை. சட்டென்று ஷோபனா பக்கம் திரும்பினாள். "ஏன் பொய் வரல? மேடம்தான் இங்க இல்லையே. நீங்க எப்படிப் பார்த்து ஒட்டுனீங்க?"

ஷோபனா தயங்கினாள். "அவசரம்னா கண்ணை மூடிக்கிட்டு ஒட்டிடுவோம் மேடம். அது சும்மா ஒரு வார்த்தை. வனஜா மேடம் பேருன்னா, மேடம் கேக்குற ரெண்டு கேள்வியையும் கேட்டுட்டுத்தான் ஒட்டுவோம். கேக்காம ஒட்டினா மேடம் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ற மாதிரி இருக்கும்."

நஜ்மா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கீபோர்டில் தட்டினாள். 'சரக்கு கெடும்' என்ற டேக்கை ஒட்ட வேண்டுமானால் இரண்டு கட்டங்களை நிரப்பியே ஆக வேண்டும்: உள்ளே என்ன இருக்கிறது, எதுவரைக்கும் தாங்கும். நிரப்பாவிட்டால் ஒட்டாது. நிரப்பினால் அந்தப் பதிலும் மெசேஜிலேயே போகும். ஷோபனா பழையபடி உஸ்மான் பாயிடம் கேட்டு நிரப்பி ஒட்டினாள். ஸ்பீக்கரில் பூபாலனின் போன் 'டிங்' என்றது எங்களுக்கே கேட்டது.

"உள்ள, எண்ணூறு பேருக்குக் கறி. மத்தியானம் வரைக்கும் தாங்கும்" என்று அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "அடப்பாவிங்களா! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" அதன்பிறகு பேச்சு இல்லை; பைக் கிளம்புகிற சத்தம்தான்.

பர்வே இன்னும் நம்பவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஷோபனா அந்த டேக்கை ஆவடியில் ஒரு பால் ஏஜென்சிக்கு ஒட்டினாள். வேறொரு டெக்னீஷியன் மறுபேச்சு இல்லாமல் கிளம்பினான். மாங்காட்டில் ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு ஒட்டினாள். அதற்கும் ஆள் போனது. "வனஜா மேடம் எங்கே?" என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மத்தியானத்துக்குள் உஸ்மான் பாயின் போன் வந்தது. இந்த முறை சத்தமே இல்லை. "குளிர் ஏறுதும்மா, நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னார். அழுதாரோ என்னவோ.

பர்வே நஜ்மாவைக் கேட்டார். "இனிமேல் புது டேக் யார் உண்டாக்குவார்கள்?"

"நானும் ஷோபனாவும் மட்டும் சார். வேணும்னா எங்களைக் கேட்கணும். ஏற்கெனவே அதே அர்த்தத்துல ஒண்ணு இருந்தா கிடையாது. ஒவ்வொரு டேக்குக்குக் கீழேயும் அது எதுக்கு, யார் பொறுப்புன்னு எழுதி வெப்போம். அப்பப்போ உட்கார்ந்து பார்த்து, உபயோகம் இல்லாததை ஒதுக்கி வெப்போம். அழிக்க மாட்டோம். எதுவா இருந்தாலும் பின்னாடி என்ன தொங்குதுன்னு பார்க்காம கை வெக்க மாட்டோம்." கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஷோபனா இங்கிலீஷில் அர்த்தம் சொல்லச் சொல்ல, அவர் திரையில் மிச்சம் இருந்த டேக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றில் நின்றார். "இது என்ன? 'நாய் இருக்கு'? இது எதற்கு? எடுங்கள்."

அதுவரை தலை குனிந்திருந்த மொத்தப் பிரிவும் நிமிர்ந்தது. "சார், அதை மட்டும் எடுக்காதீங்க!"

"போன வருஷம் அது ஒட்டாம விட்டு, பூபாலனுக்கு ஊசி போட்டோம் சார்" என்றாள் ஷோபனா. "பூனேல உங்க டெக்னீஷியனை நாய் கடிச்சதே இல்லையா?"

பர்வே யோசித்தார். அந்த இஸ்திரி போட்ட முகத்தில் முதல் மடிப்பு விழுந்தது. கடித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். போகும்போது, "புகார்ப் பிரிவு இங்கேயே இருக்கட்டும். அந்த நாய் டேக்கை எங்களுக்கும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் நஜ்மா என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் விலா எலும்பெல்லாம் தூளாகிவிட்டது. ("ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி நல்லாத்தான் சப்பாத்தி தேய்ச்சா.")

அடுத்த சனிக்கிழமை எங்களை மறுபடி கூப்பிட்டார்கள். சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லி, அழிந்துபோன என் டேக்கை நஜ்மா மீட்டு வைத்திருந்தாள். பழைய புகார்களில் என் பெயர் இருந்த இடமெல்லாம் புது டேக்கோடு சேர வேண்டுமாம். "மேடம், போன தடவை சொல்லாம கொள்ளாம அழிச்சேன். இந்தத் தடவை முறைப்படி அனுப்பி வெக்கிறோம்" என்றாள். மேஜையில் கேக். அதன்மேல் ஐசிங்கில் 'வனஜா மேடம்', டேக் போலவே ஒரு கட்டத்துக்குள். உஸ்மான் பாய் ஒரு தேக்சா பிரியாணி அனுப்பியிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க மணத்தது. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடியிருக்காது.

நஜ்மா என்னையே பட்டனை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். என் பெயர் இருந்த இடமெல்லாம் 'சரக்கு கெடும்' என்று மாறியது. எல்லோரும் கை தட்டினார்கள். பூபாலன் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாமா, நெஜமாவே ரிட்டயர்டா? அப்ப எங்க ஊட்டுக்கு போன் பண்ண மாட்டீங்கோ?"

"உன் சம்சாரம் கன்னியம்மா நம்பர் இன்னும் என்கிட்டதான் இருக்கு பூபாலா."

அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

முதல் விழாவில் என் வீட்டுக்காரர் பேசவில்லை, இந்த முறையாவது பேச வேண்டும் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்கரன் எழுந்தார். தட்டிலிருந்த கறித் துண்டை முதலில் பிய்த்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"நான் பார்க்காத பொருளுக்கு முத்திரை குத்தினதில்ல" என்றார். "வீட்டுல சோபாவுல படுத்துக்கிட்டே நாலு ஊர்ல வேலை செஞ்சேன்னு இவ சொன்னப்போ சிரிச்சேன். அன்னைக்கு இந்த பூபாலன் பேசுனதைக் காதால கேட்டேன். அப்பவும் மனசு ஒப்பல. கொஞ்சம் முன்னாடி நஜ்மாவை உட்கார வெச்சு, மூணு வருஷத்துல இவ பேரு எங்கெங்க போயிருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டச் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"நாலு ஊரு இல்ல. பதினொண்ணு. இவ சொன்னது நிஜமாவே நடந்தது."